உபகாரச் சம்பளம் இருக்கிறது, சொல்வார் யார்?

பிளஸ் டூ பரீட்சை முடிவு வெளியாகும் நாளில், தமிழ்நாட்டின் ஏழை வீடுகளில் மகிழ்ச்சியும் கவலையும் சேர்ந்தே வாசற்படி ஏறுகின்றன. பிள்ளை நல்ல மார்க் வாங்கியிருக்கிறது, அது மகிழ்ச்சி. மேலே படிக்க வைக்கப் பணம் வேண்டும், அது கவலை. தகப்பனார் கூட்டுறவுச் சங்கத்தை நினைக்கிறார். தாயார் காதுத் தோட்டை நினைக்கிறார். ஸ்காலர்ஷிப் என்று ஒன்று உண்டே என்று நினைப்பவர் அந்த வீட்டில் பெரும்பாலும் ஒருவரும் இல்லை. யாரோ ஒருவர் சொல்லி அந்த நினைப்பு வரும்போது, விண்ணப்பத்தின் கெடு முடிந்திருக்கும். தோடும் அடகுக் கடைக்குப் போயிருக்கும்.

இதைத் தலைவிதி என்று சொல்லிவிட முடியாது. வறுமை ஒன்றே காரணம் என்றும் சொல்ல முடியாது. பணம் ஒரு பக்கம் இருக்கிறது. அதற்கு உரிய மாணாக்கன் இன்னொரு பக்கம் இருக்கிறான். இடையே செய்தி சொல்லத்தான் ஆள் இல்லை. இந்தக் குறை தீர்க்கக் கூடியது. தீர்க்கும் பொறுப்பு பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் மட்டும் விழக் கூடாது. அது படித்த பள்ளிக்கும், சேரப் போகும் கல்லூரிக்கும் அதில் பெரும் பங்கு உண்டு.

தானம் அல்ல

முன்பெல்லாம் இதை ‘உபகாரச் சம்பளம்’ என்பார்கள். இன்று சர்க்கார் தாள்களில் ‘கல்வி உதவித்தொகை’ என்று எழுதுகிறார்கள். பிள்ளைகளின் நாவில் அது வெறும் ‘ஸ்காலர்ஷிப்’. பெயரில் உபகாரம் என்று இருப்பதாலோ என்னவோ, அதைக் கேட்பதே கௌரவக் குறைவு என்று ஒதுங்கும் பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள். “நாம் என்ன கையேந்துகிறவர்களா?” என்று கேட்கிறார்கள்.

வரலாறு அப்படிச் சொல்லவில்லை. கும்பகோணத்து ராமானுஜன் கதையைப் பார்க்கலாம். அவர் 1904-ல் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடுதான் சேர்ந்தார். கணிதத்திலேயே மூழ்கி மற்றப் பாடங்களைக் கைவிட்டதால் அந்தச் சம்பளம் நின்றது, படிப்பும் நின்றது. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தாவானார். அங்கே வந்த வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் அவருடைய கணக்குகளைப் பார்த்துவிட்டு, சென்னைப் பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சிச் சம்பளம் பெறுவதற்கு உரிய பட்டம் ராமானுஜனிடம் இல்லை. இருந்தும் பல்கலைக் கழகம் விதிவிலக்குச் செய்து, 1913 மே மாதம் முதல் மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அடுத்த ஆண்டு அவர் கேம்பிரிட்ஜ் சென்றபோது ஆண்டுக்கு 250 பவுன் அளித்ததும் அதே பல்கலைக் கழகம்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ராமானுஜன் உலகறிந்த மேதை. அவருக்கே, இப்படி ஒருவர் இருக்கிறார் என்று எடுத்துச் சொல்ல ஒரு வாக்கர் வேண்டியிருந்தது. சாதாரணக் கெட்டிக்காரப் பிள்ளைக்கு எத்தனை வாக்கர்கள் வேண்டும்!

டாக்டர் அம்பேத்கரின் கதை இன்னும் நேரானது. பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் பதினொன்றரைப் பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு அளித்த உதவியில்தான் அவர் 1913-ல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். உதவியின் காலம் முடிந்ததால், லண்டனில் தொடங்கிய படிப்பைப் பாதியில் விட்டு 1917-ல் ஊர் திரும்ப நேர்ந்தது. பிறகு சொந்த முயற்சியில் பணம் சேர்த்துத் திரும்பிப் போய் அதை முடித்தார். ஸ்காலர்ஷிப் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்பதை உடம்பால் அறிந்தவர் அவர். 1940-களில் வைசிராயின் நிர்வாக சபையில் அங்கம் வகித்தபோது, தாழ்த்தப்பட்ட மாணவர்களின் உயர் படிப்புக்காக வாதாடினார். அதன் பயனாக ஆண்டுக்கு மூன்று லட்ச ரூபாய் ஒதுக்கப்பட்டது. 1944-ல் தொடங்கிய அந்தத் திட்டமே இன்று ‘போஸ்ட் மெட்ரிக் ஸ்காலர்ஷிப்’ என்ற பெயரில் நாடெங்கும் வளர்ந்து நிற்கிறது. தாம் ஏறிய ஏணியை அவர் தூக்கி ஒளித்துவைக்கவில்லை. அடுத்தவர் ஏறட்டும் என்று சாய்த்து வைத்தார். அந்த ஏணியில் ஏறுவதில் என்ன கௌரவக் குறைவு?

எத்தனை வகை?

ஸ்காலர்ஷிப் என்றால் முதல் மார்க் வாங்கியவனுக்கு மட்டும்தான் என்பது பலருடைய எண்ணம். இது பெரிய தவறு. மார்க்கைப் பார்த்துக் கொடுப்பது ஒரு வகை. குடும்ப வருமானத்தைப் பார்த்துக் கொடுப்பது இன்னொரு வகை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது மூன்றாவது வகை. சமூகம், உடற்குறை, தகப்பனார் செய்யும் தொழில், பிள்ளை எடுக்கும் பாடம், படித்த பள்ளி ஆகியவற்றைப் பார்த்துக் கொடுப்பவை வேறு.

சில உதாரணங்கள் சொன்னால் விளங்கும். மத்திய சர்க்கார் 2008-ல் தொடங்கிய கல்லூரி மாணவர் திட்டம் மார்க்கையும் வருமானத்தையும் சேர்த்துப் பார்ப்பது. ஆண்டுதோறும் 82,000 புது மாணாக்கர்களுக்கு இடம் உண்டு. அதில் சரிபாதி பெண்களுக்கு. பிளஸ் டூவில் தம்முடைய போர்டில் எழுதியவர்களில் முதல் இருபது சதவீதத்துக்குள் வர வேண்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு நாலரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2025 வரையுள்ள விதிப்படி, பட்டப் படிப்பின் முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு ரூ.12,000 கிடைக்கும், முதுகலைக்கு ரூ.20,000.

அறிவியல் பாடங்களை எடுத்து பி.எஸ்ஸி. படிப்பவர்களுக்கு ‘இன்ஸ்பயர்’ திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.80,000 வரை உண்டு. பிளஸ் டூவில் முதல் ஒரு சதவீதத்துக்குள் வருபவர்கள் இதற்குக் குறி வைக்கலாம். இன்ஜினீயரிங் போன்ற தொழிற்கல்விக்குப் போகும் பெண்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ.யின் ‘பிரகதி’ திட்டத்தில் ஆண்டுக்கு ரூ.50,000. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். உடற்குறை உள்ள மாணாக்கர்களுக்கு அதே அமைப்பின் ‘சக்ஷம்’ திட்டம் இருக்கிறது.

பீடி சுற்றும் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் இலாகாவின் உதவி தனியாக உண்டு. கொத்தனார், சித்தாள் வேலை செய்பவர் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருந்தால், அவருடைய பிள்ளையின் படிப்புக்கு வாரியம் உதவுகிறது. முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகளுக்கும் தனித் திட்டம் உண்டு. தென்காசிப் பக்கத்தில் பீடி சுற்றும் ஒரு தாயாருக்கு, தம் கையிலுள்ள தொழிலாளர் அட்டை மகளின் கல்லூரிப் படிப்புக்கும் உதவும் என்று யார் சொல்கிறார்கள்?

மாநிலச் சர்க்காரின் உதவிகளும் பல. ஆறு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை சர்க்கார் பள்ளியில் படித்துக் கல்லூரி சேரும் பெண்களுக்கு மாதம் ரூ.1,000 தரும் ‘புதுமைப் பெண்’ திட்டத்தைத் தமிழ்நாட்டு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு ‘தமிழ்ப் புதல்வன்’ 2024 ஆகஸ்டில் வந்தது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் படிக்கப் போகிறவர், சர்க்கார் கவுன்சலிங் வழியாகத் தொழிற்கல்வியில் சேர்ந்தால், 2010-11 முதல் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தானே போய் மானேஜ்மென்ட் இடத்தில் சேர்ந்துவிட்டால் அந்தச் சலுகை கிடையாது. இந்த ஒரு விவரம் தெரியாமல் அவசரப்பட்டு முன்பணம் கட்டிய குடும்பம், நான்கு வருஷமும் அதற்கு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

பல்கலைக் கழகங்கள் தாமே கொடுப்பதும் உண்டு. ஏழைப் பிள்ளைகளுக்காகச் சென்னைப் பல்கலைக் கழகம் 2010-11-ல் ஓர் இலவசக் கல்வித் திட்டத்தைத் தொடங்கியது; தன் இணைப்பிலுள்ள கல்லூரிகளில் அதற்காக இடம் ஒதுக்கச் செய்தது. இத்தகைய திட்டங்களுக்குப் பிளஸ் டூ முடிவு வந்த கையோடு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வந்த பிறகு சான்றிதழ் தேடிப் புறப்படுகிறவனுக்கு அந்த நாட்கள் போதா.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். திருப்பிக் கட்ட வேண்டியது கடன்; திருப்ப வேண்டாதது ஸ்காலர்ஷிப். இடைநிலையில் ‘கடன் ஸ்காலர்ஷிப்’ என்பதும் இருக்கிறது. 1892-ல் ஏற்பட்ட ஜே.என். டாட்டா அறக்கட்டளையின் உதவி அந்த வகை. பிற்காலத்தில் குடியரசுத் தலைவரான கே.ஆர். நாராயணன் அந்த உதவியில்தான் லண்டன் சென்று படித்தார். கடன் கெட்டது என்பதில்லை. ஆனால் எது கடன், எது கொடை என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போட வேண்டும்.

எங்கே தேடுவது?

நான்கு இடங்களில் தேடினால் போதும். முதலாவது, மத்திய சர்க்காரின் ‘நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டல்’ என்ற இணையதளம். மத்திய இலாகாக்களின் பல திட்டங்கள் அங்கே ஒரே இடத்தில் இருக்கின்றன. ஒரு தடவை ஆதார் எண்ணோடு பதிவு செய்துகொண்டால், அந்தப் பதிவு எண்ணே வருஷா வருஷம் உதவும்.

இரண்டாவது, கலெக்டர் ஆபீஸ். ஆதிதிராவிடர் நல அலுவலகமும், பிற்படுத்தப்பட்டோர் நல அலுவலகமும் மாவட்டந்தோறும் இருக்கின்றன. மூன்றாவது, சேரப் போகும் கல்லூரியின் அலுவலகம். விவரப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் அறக்கட்டளைப் பரிசுகள், கட்டணக் குறைப்பு முதலியவை பொடி எழுத்தில் இருக்கும். அவற்றைப் படிக்க வேண்டும். நான்காவது, பெற்றோர் வேலை செய்யும் இடம்: ஆலை, வங்கி, வாரியம், சங்கம். தொழிலாளர் பிள்ளைகளுக்குப் படிப்புதவி தரும் நிறுவனங்கள் பல உண்டு. கேட்டால்தான் தெரியும்.

தடுக்கி விழும் இடங்கள்

தகுதி இருந்தும் பணம் வராமல் போவதற்குச் சின்னஞ்சிறு காரணங்களே போதும். முதல் காரணம், இனிஷியல். பள்ளிச் சான்றிதழில் ‘மு. செல்வி’ என்று இருக்கும். ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்று இருக்கும். வங்கிப் புத்தகத்தில் இனிஷியலே இராது. மூன்றும் ஒரே பெண்தான் என்று ஊருக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. பிளஸ் ஒன் படிக்கும்போதே இந்த மூன்றையும் ஒன்றாக்கிவிட வேண்டும்.

இரண்டாவது, வங்கிக் கணக்கு. பணம் நேராக, ஆதாரோடு இணைத்த கணக்குக்குப் போய்விடுகிறது. எந்தக் கணக்கு இணைந்திருக்கிறது என்பதே தெரியாமல், வேறு புத்தகத்தை வைத்துக்கொண்டு “பணம் வரவில்லை” என்று அலைகிறவர்கள் உண்டு. வங்கிக்குப் போய் ஒரு தடவை கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, சான்றிதழ்கள். வருமானச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுச் செய்யலாம். மே, ஜூன் மாதங்களில் அங்கே கூட்டம் நெரியும். பிப்ரவரியிலேயே மனுப் போட்டவன் நிம்மதியாகப் பரீட்சைக்குப் படிப்பான்.

நான்காவது, மிக முக்கியமானது. மாணாக்கன் விண்ணப்பத்தை அனுப்பியதோடு வேலை முடிந்துவிடுவதில்லை. கல்லூரியில் அதற்கென்று உள்ள அதிகாரி அதைச் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவர் கெடுவுக்குள் அனுப்பாவிட்டால் விண்ணப்பம் அங்கேயே செத்துவிடும். அனுப்பியாகிவிட்டதா என்று வாரம் ஒரு முறை கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஐந்தாவது, புதுப்பித்தல். முதல் ஆண்டு கிடைத்தது அடுத்த ஆண்டும் தானாக வராது. மேலே சொன்ன மத்தியத் திட்டத்தில், ஆண்டுதோறும் 50 சதவீத மார்க்கும் 75 சதவீத வருகையும் இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் இரண்டு உதவி பெறலாமா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த மத்தியத் திட்டத்தில் கூடாது. ‘புதுமைப் பெண்’ணில் வேறு உதவி பெற்றாலும் கூடும்.

எச்சரிக்கையாக ஒரு வார்த்தை. “உங்கள் பிள்ளைக்கு ஸ்காலர்ஷிப் கிடைத்திருக்கிறது, முதலில் ரூ.500 அனுப்புங்கள், போனில் வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்று யாராவது பேசினால், அவர் திருடர். நேஷனல் ஸ்காலர்ஷிப் போர்ட்டலில் விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. அரசு இணையதளத்தின் முகவரி ‘ஜி.ஓ.வி. டாட் ஐ.என்.’ என்று முடியும். அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தேடிக்கொள்ளட்டும் என்பது நியாயமா?

“எல்லாம் செல்போனில் இருக்கிறதே, வேண்டியவன் தேடிக்கொள்ளட்டும்” என்று சிலர் சொல்வார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தேடுவதற்கு முதலில் பெயர் தெரிய வேண்டும். தகப்பனார் வக்கீலாகவோ வாத்தியாராகவோ இருக்கும் வீட்டில், பெயர் பிள்ளையின் காதில் சாப்பாட்டு நேரத்திலேயே விழுந்துவிடுகிறது. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி போகும் பெண்ணுக்கு, எதைத் தேடுவது என்பதே தெரியாது. ஆக, உதவி மிகவும் வேண்டியவருக்கே செய்தி கடைசியாகப் போய்ச் சேருகிறது. ஏழைக்கென்று வைத்த பணத்தைச் சற்று விவரமுள்ளவன் மட்டும் எடுத்துக்கொள்ளும்படி விடுவது, திட்டத்தின் நோக்கத்தையே கெடுப்பதாகும்.

மாறாக, உதவி பிள்ளையைத் தேடிப் போன இடங்களில் என்ன நடந்தது? 1956-ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு விரிவாக வந்தபோது, பசித்த பிள்ளை எந்த இலாகாவுக்கும் மனு எழுதவில்லை. சோறு பள்ளிக்கூடத்துக்கே வந்தது, பிள்ளையும் வந்தது. நம் காலத்தில் ‘புதுமைப் பெண்’ திட்டத்துக்கு அந்தந்தக் கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்கச் செய்தார்கள். 2022-ல் வந்த ‘நான் முதல்வன்’ திட்டத்தின் கீழ், ‘கல்லூரிக் கனவு’ என்ற வழிகாட்டும் நிகழ்ச்சிகள் நடந்தன. இவை நல்ல தொடக்கங்கள். ஆனால் ஆண்டுக்கு ஒரு நாள் மேடை போட்டுச் சொல்வது வேறு. தினமும் போய்க் கேட்க ஒரு மனிதர் இருப்பது வேறு.

செய்ய வேண்டியது

அந்த மனிதர் ஒவ்வொரு மேல்நிலைப் பள்ளியிலும் இருக்க வேண்டும். புது உத்தியோகம் போட வேண்டியதில்லை. இருக்கும் ஆசிரியர்களில் ஒருவருக்கு, வாரத்தில் இரண்டு பீரியடைக் குறைத்து, இந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம். பிளஸ் ஒன் முழுப் பரீட்சை முடிந்ததும் ஒவ்வொரு பிள்ளையிடமும் நாலு கேள்வி கேட்டு அவர் எழுதி வைத்துக்கொள்ளட்டும். குடும்ப வருமானம் என்ன? பெற்றோர் தொழில் என்ன, வாரியத்தில் பதிவு உண்டா? வீட்டில் பட்டதாரி உண்டா? பெயர் எல்லாத் தாள்களிலும் ஒன்றாக இருக்கிறதா? இந்த நான்குக்கும் விடை கிடைத்துவிட்டால், எந்தப் பிள்ளைக்கு எந்த உதவி என்று முக்கால்வாசி தீர்மானமாகிவிடும்.

கல்லூரிகள் செய்ய வேண்டியது இரண்டு. வந்த விண்ணப்பங்களைக் கெடுவுக்கு முன்பே சரிபார்த்து அனுப்பி, எத்தனை வந்தன, எத்தனை அனுப்பினோம் என்று நோட்டீஸ் போர்டில் எழுதிப் போட வேண்டும். சர்க்கார் பணம் தாமதமாகும்போது, பிள்ளையை வகுப்புக்கு வெளியே நிறுத்தாமல் பொறுக்க வேண்டும். கட்டணப் பாக்கிக்காக அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைப்பது முறையல்ல. பல்கலைக் கழக மானியக் குழு 2018-லேயே அதைத் தடுத்து அறிவிப்பு வெளியிட்டிருக்கிறது.

சர்க்காருக்கும் ஒரு பங்கு உண்டு. பிள்ளை பீஸ் கட்ட வேண்டியது ஜூன், ஜூலையில். பணம் வருவது பல சமயம் அந்தப் படிப்பாண்டு முடியும் தறுவாயில். இடைப்பட்ட மாதங்களில் ஏழைக் குடும்பம் வட்டிக்கு வாங்குகிறது. பிறகு வரும் ஸ்காலர்ஷிப்பில் ஒரு பகுதி வட்டிக்கடைக்காரருக்குப் போகிறது. கல்விக்கென்று ஒதுக்கிய பணம் வட்டிக்குப் போவதைவிட வீண் செலவு வேறு இல்லை. முதல் தவணையாவது கல்லூரி திறந்த இரண்டு மாதத்துக்குள் வந்தாக வேண்டும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிளஸ் ஒன் சேர்ந்த அன்றே ஒரு பழைய பைலை எடுத்து, சாதிச் சான்றிதழ், ஆதார், வங்கிப் புத்தகம், தொழிலாளர் அட்டை எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்தில் தலைமை ஆசிரியரிடம், “எங்கள் பிள்ளைக்கு என்னென்ன உதவி உண்டு என்று சொல்லும் ஆசிரியர் இந்தப் பள்ளியில் யார்?” என்று எழுந்து கேளுங்கள். பத்துப் பெற்றோர் சேர்ந்து கேட்டால், அப்படி ஓர் ஆசிரியரை நியமிக்காமல் எந்தப் பள்ளியும் இருக்க முடியாது.